பானை வேட்டை

"தோக்கு எடுத்து வெடிச்சா நாலு ஊருக்குக் கேக்கும் மாமா. பானைதான் நல்லது," என்றாள் ஜினி, காபித் தட்டை நீட்டியபடி.

மகனுக்குப் பெண் பார்க்க வந்த சத்தியநேசனும் ஜினியின் அப்பா யோசுவாவும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை சஜியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாகிவிட்டது. பெண்ணைப் பற்றி அதைவிடக் கொஞ்சம். இரண்டு அப்பாக்களும் பழைய வாத்து வேட்டைக்காரர்கள் என்று தெரிந்ததும் கல்யாணப் பேச்சு மூலைக்குப் போய்விட்டது.

யோசுவா வேட்டையை விட்டு எட்டு வருடம். விட்டதற்குக் காரணம் நெஞ்சுச் சளி, சட்டம் இல்லை. "நிச்சயத்துக்குக் காட்டு வாத்துக் கறி வைக்காதவரா நீரு?" என்று சத்தியநேசன் ஒரு வார்த்தை விட்டார். சளி போன இடம் தெரியவில்லை.

"போனக்காட்டுல என் மச்சினன்கிட்ட ஒரு தோக்கு உண்டு. நமக்கு அதுதான் பழக்கம். பானையை வச்சு என்னத்த வேட்டையாடுறது?" என்றார் சத்தியநேசன்.

"பிள்ளை சொல்லுறது சரியாக்கும்," என்று யோசுவா நாற்காலியை இழுத்துப் போட்டார். "வெறும் பானைகளைக் காயல்ல மிதக்க விடணும் ஓய். வாத்து முதல்ல மிரளும். அப்புறம் பானை மேலேயே ஏறி உக்காரும். அப்போ நாம, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்ட பானையைத் தலையில கவுத்துக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில மெள்ள நடந்து போய், நீந்துற வாத்தோட காலை அடியில பிடிச்சு ஒரு இழு. பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது."

சத்தியநேசன் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் சிந்தியது. "நான் பானைக்குள்ள தலையை விட்டா எடுக்க முடியுமா வே? சரி, எங்க போவோம்? ஆக்குளம்?"

"அங்க வாத்தைவிட காதலிக்க வர்றதுக ஜாஸ்தி."

"புஞ்சக்கரி வயலு?"

"காலேஜ் பிள்ளைக பைனாகுலரோட பறவை எண்ணிக்கிட்டுத் திரியுதுக. நம்மளையும் சேத்து எண்ணிரும்."

"வெள்ளாயணிக் காயல், தாமரைக்காட்டு ஓரம்," என்றாள் ஜினி. "போறதுக்கும் வாறதுக்கும் ஒரே வரப்பு. ஆள் நடமாட்டமே கிடையாது. மொபைல், பைக் சாவி எல்லாத்தையும் கரையிலயே வச்சிருங்க. தண்ணி பட்டா போச்சு."

"நாளைக்கே இறங்கிருவோம்," என்றார் யோசுவா.

"நாளைக்கு வேண்டாம்பா. வாத்து பானையோட பழகட்டும். அடுத்த சனிக்கிழமை போங்க."

"புத்தியுள்ள பிள்ளையாக்கும்," என்று சத்தியநேசன் யோசுவாவிடம் சொன்னார். "உத்தியோகம் ஏதோ கிடைச்சிருக்காமே, என்ன உத்தியோகம்?"

கேள்வி ஜினியைப் பற்றி. கேட்டது அவளிடம் இல்லை.

"ஏதோ சர்க்கார் உத்தியோகம். எங்க குடும்பத்துலயே முதல் டிகிரி அவதான். கல்யாணம் ஆனா அதெல்லாம் எதுக்கு, விடும்."

அந்த வேலைக்காக அவள் படித்த இரண்டு வருடமும் அந்த வீட்டில் டி.வி. சத்தத்தை ஒருத்தரும் குறைத்ததில்லை. ஜினி தட்டை மேசையில் வைத்த சத்தத்தில் டம்ளர்கள் குதித்தன.

"அப்பா, ஒரு பந்தயம். நீங்க வாத்து பிடிச்சிட்டா நான் வேலைக்குப் போகலை. மாமா சொல்லுற தேதியில கல்யாணம். பிடிக்கலைன்னா நான் வேலைக்குப் போவேன், யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

யோசுவா சந்தோஷத்தில் தொடையைத் தட்டினார். "என் கையில சிக்கின வாத்து தப்பினதே கிடையாது மக்களே. பந்தயம்னா பந்தயம்."

"அதுசரி, ஃபாரஸ்ட்காரனுக வந்தா?" சத்தியநேசனின் குரல் இறங்கியது. "பிடிச்சு உள்ள போட்டிருவானுவளே."

"அவனுகளா? ஜீப்பை விட்டே இறங்க மாட்டானுவ ஓய். யூனிஃபார்ம்ல சேறு பட்டிரும்லா."

மூன்று பேரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது ஜினிதான்.

சனிக்கிழமை விடிந்தபோது யோசுவா வெள்ளாயணிக் காயலில் கழுத்தளவு தண்ணீரில், பானைக்குள், சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். ஒரு வாரமாக அவரே வந்து மிதக்கவிட்ட பானைகள் சுற்றிலும் ஆடின. ஒவ்வொன்றிலும் வாத்து. இடது பக்கம் சத்தியநேசனின் பானை தும்மியது. வாத்துகள் கொஞ்சம் விலகி, ஒன்றும் நடக்காதது போல் திரும்பி வந்தன.

ஒரு கொழுத்த வாத்து யோசுவாவின் மூக்குக்கு நேரே நீந்தி வந்து நின்றது. தண்ணீருக்கு அடியில் கையை நீட்டினார். கால் சிக்கியது.

இழுக்கப் போன நேரத்தில்தான் கவனித்தார். காற்று கரையைப் பார்த்து அடித்தது. பானைகள் எல்லாம் கரைப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு பானை மட்டும் காற்றை எதிர்த்து அவரை நோக்கி வந்தது.

"அங்கயே நில்லும் ஓய். இது என் வாத்து," என்று கிசுகிசுத்தார்.

"நான் அசையவே இல்லையே வே," என்றது இடது பக்கத்துப் பானை.

தண்ணீருக்கு அடியில் ஒரு கை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. வாத்தின் காலிலிருந்து அவர் விரல் நழுவியது. கொழுத்த வாத்து எழும்ப, காயலே எழும்புவது போல மற்ற வாத்துகளும் பறந்தன.

எதிரே நின்ற பானை மேலே உயர்ந்தது. உள்ளே ஒரு காக்கித் தொப்பி, அதற்குக் கீழே ஜினி.

"திங்கட்கிழமையே ஃபாரஸ்ட்ல சேந்துட்டேன்பா, என்ன வேலைன்னு நீங்க கேக்கவே இல்லையே," என்றாள். "சம்பந்தி ரெண்டு பேரும் கரைக்கு வாங்க, ஜீப் நிக்குது, யூனிஃபார்ம்ல பட்ட சேத்தை நான் துவைச்சுக்கிடுதேன்."