அப்பா எழுந்த இலை

கருப்புசாமிக்கு அறுத்த சேவலின் குழம்பை நெல்லுச்சோற்றில் ஊற்றித் தின்றுவிட்டு அப்பா எழுந்து போயிருக்கிறார். அவருடைய இலை விரிந்தபடி கிடக்கிறது. சப்பித் துப்பிய எலும்புகள் ஓரத்தில் குவிந்திருக்க, ஒன்றிலிருந்து வெற்றிலைக் காவியேறிய எச்சில் நூலாக வழிகிறது. கூரைப் பொத்தலில் இறங்கும் வெயிலில் குழம்பின் எண்ணெய் மினுங்குகிறது. அதில் ஓர் ஈ காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாசலில் அப்பா காறிக் கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறது. அம்மா அந்த இலையின் முன்னாலேயே உட்காருகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று வேறு இலை விழுந்ததில்லை. எலும்புகளை விரலால் ஒதுக்கிவிட்டு, அவர் பிசைந்து மிச்சம் வைத்த சோற்றின் மேலேயே பானைச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். "வேற எல போட்டுக்கயேன்ம்மா, கொமட்டுது" என்கிறேன். "தை பொறந்தா ரஞ்சன்குடியில நீயும் இப்படித்தான் குந்தப்போற, தனம்" என்று சிரிக்கிறாள். தையில் எனக்குக் கல்யாணம். சோற்றைக் கிளறுகிற அவள் கை சட்டென்று நிற்கிறது. அடியில் ஈரல், முழுசாக, கடிபடாமல் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. "வச்சுட்டுப் போயிருக்காரு பாரு" என்கிறாள், புதுப்பெண்போல முகம் சிவக்க. பாதியைப் பிட்டு என் வாய்க்கு நேரே நீட்டுகிறாள். அவர் பிசைந்த பருக்கைகள் அதில் ஒட்டியிருக்கின்றன. முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் வாய் ஊறுகிறது. இலையில் கிடக்கிற எச்சிலைவிட, என் வாயில் ஊறுகிற இந்த எச்சில்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது.