டிரம்ஸ் வாசிப்பவர்

மனைவியின் பிறந்தநாளுக்காகத் தையல்கடையின் பின்னறையில் ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார் டெய்லர். அவர் கிதார், மச்சினன் பாட்டு. சரணத்துக்குள் நுழைந்தாலே கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் பொசுக்கென்று மூடிக்கொள்ளும்.

"இந்தச் சனியனைத் தலைமுழுகிட்டு வேற பாருங்க மச்சான்."

ஆனால் மறுபடி திறந்தால், தப்பிப் பிழைத்த பதிவில் டிரம்ஸ் சேர்ந்திருக்கும். அந்த அறையில் டிரம்ஸே கிடையாது.

வேறொன்றை இறக்கிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட மூடவில்லை. பாட்டுதான் உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

"பழசையே திறடா," என்றார் டெய்லர்.

இந்த முறை சரணமும் தாண்டிப் போயிற்று. எப்போது மூடும் என்று இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரியில் மூடிக்கொண்டது. கட்டிப்பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

திறந்து கேட்டார்கள். டிரம்ஸ் பிரமாதம். பாட்டுக்குப் பின்னால், எல்லாம் மூடிய பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பும் பதிவாகியிருந்தது. முதலில் டெய்லர், அடுத்து மச்சினன், அப்புறம் சற்றுத் தள்ளி இன்னொருவர்.

மச்சினன் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"பாவம், இத்தனை நாளா நின்னுக்கிட்டே வாசிச்சிருக்காரு," என்றார் டெய்லர். "அந்த ஸ்டூலை இழுத்துப் போடுடா."