நாலுக்கு மேல் சுத்தாது

"சீ! இன்னுமா முடியல? இந்தச் சனியனோட எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஓயாத தலைவலிக்கு நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தவள் கேட்டாள். அதே அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கணவர் திரும்பக்கூட இல்லை. "ஆகட்டும்" என்றார், வழக்கம்போல. மறுநாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாற்பது சிடி இருக்கு தம்பி. எல்லாம் என் பொண்ணு சின்ன வயசு வீடியோ. அதையெல்லாம் பென் டிரைவ்ல போட்டு அவகிட்ட குடுத்துட்டா, இந்தப் பீடையைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். ஒரு சிடி காப்பி ஆக இருபது நிமிஷம்! பார்க்கவே பத்திக்கிட்டு வருது."

மெக்கானிக் சிடி டிரைவைக் கழற்றி மூடியைத் திறந்தான். பஞ்சு பஞ்சாகத் தூசி, பிசுக்கில் ஒட்டிய முடி, நடுவில் ஒரு கரப்பான்பூச்சியின் இறக்கை.

"உவ்வே! டிரைவா இது, குப்பைத்தொட்டியா?"

"அவர் புழங்கின இடமெல்லாம் அப்படித்தான். டீ குடிச்ச கப்புல ஈ மொய்க்கும், எடுத்து வைக்க மாட்டார். நத்தை மாதிரி ஊர்வார், போன வழியெல்லாம் நத்தை மாதிரியே பிசுபிசுப்பு. கேட்டா ஒரே வார்த்தை, ஆகட்டும். இருபத்தாறு வருஷம் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

மெக்கானிக் தூசியைத் தட்டி லென்ஸைத் துடைத்தான். வேகம் ஏறவில்லை. கேபிளை மாற்றினான். கீறலே இல்லாத புது சிடியைப் போட்டுப் பார்த்தான். திரையில் அதே மந்த வேகம், வெறும் நாலு மடங்கு.

"முகப்புல ஐம்பத்திரண்டு மடங்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே?"

"அதான் எனக்கும் புரியலம்மா." கொஞ்ச நேரம் திரையில் எதையெதையோ திறந்து மூடியவன் சட்டென்று சிரித்தான். "டிரைவ்ல கோளாறே இல்ல! யாரோ ஒரு சின்ன புரோகிராம் போட்டு, நாலுக்கு மேல சுத்தாதேன்னு இதைக் கட்டிப் போட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பூட்டு தானா விழுந்துடும்."

"யாரோ என்ன யாரோ? அவரேதான். தான் ஊர்றது போதாதுன்னு மெஷினையும் ஊர விட்டிருக்கார். த்தூ! அவிழ்த்து விடுங்க தம்பி."

நாலை ஐம்பத்திரண்டாக மாற்றினான். டிரைவ் ஒரு கணம் விக்கியது. பிறகு அலறியது. மேசை அதிர்ந்தது, தட்டிலிருந்த ஸ்க்ரூக்கள் கலகலத்தன.

அவள் நெற்றிப்பொட்டு இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நிறுத்துங்க! என்ன சத்தம் இது? மண்டையைப் பிளக்குது!"

"முழு வேகத்துல சுத்தினா இப்படித்தான்மா கத்தும்." நிறுத்தினான். "நாலுல வச்சா மூச்சு விடற சத்தம்கூட வராது. அதே ரூம்ல யாராவது முடியாம படுத்திருந்தா, சில பேர் இப்படிக் குறைச்சு வைக்கறதுண்டு."

சத்தம் நின்ற பிறகும் அவள் நெற்றிப்பொட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னம்மா, வேகத்துலயே விட்டுடட்டுமா? ரெண்டு மூணு மணி நேரத்துல நாற்பதையும் நானே முடிச்சுக் குடுத்துடறேன்."

"வேண்டாம். பழையபடி நாலுலயே வைங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் நானே போட்டுக்கறேன்."

"நாற்பதும் முடிய ரொம்ப நேரமாகுமேம்மா?"

"ஆகட்டும்."