குண்டு போடாத விமானம்

வானத்துல ரெண்டு போர் விமானம். ராஜாளி குண்டு சுமக்கும். வல்லூறு குண்டுக்குப் பதிலா எண்ணெய் டேங்க் மாட்டிக்கிட்டு, பறக்கும்போதே ஓஸ் குழாயை நீட்டி ராஜாளிக்கு எண்ணெய் ஊட்டும்.

"நான் பசிக்குச் சோறு போடுறவன், ஒரு பாவமும் அறியாதவன்"னு வல்லூறுக்கு ஒரே பெருமை.

அன்னைக்கு வல்லூறுகிட்ட எண்ணெய் குடிச்சிட்டுப் போன ராஜாளி, குண்டெல்லாம் தீர்ந்து திரும்பி வந்துச்சு.

"எங்கடா போட்ட?"

"சந்தையில."

"அடப்பாவி! ஜனங்க இருந்திருப்பாங்களேடா!"

"இருந்தாங்க. நீ ஊட்டலைன்னா நான் பாதி வழியிலயே திரும்பியிருப்பேன் மாப்ள."

வல்லூறு அலறுச்சு. "கொலைகாரா! என் மூஞ்சியிலயே முழிக்காத!"

"சரி, முழிக்கல. ஊர் போய்ச் சேர எண்ணெய் பத்தாது, ஊட்டு."

"கொலைகாரா! கொலைகாரா!"ன்னு கத்திக்கிட்டே வல்லூறு ஓஸை நீட்டுச்சு.

"கத்து, வேணாங்கல. ஆட்டாம பிடி. நாளைக்கும் இதே நேரம் வந்துடு."