கேட்டுச் சொல்லுங்க

"பெல் அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சு போச்சு! உள்ளேயே இருந்துக்கிட்டு, திறக்கவே கூடாதுன்னு வைராக்கியமா?"

குப்பைப் பையோடு வெளியே வந்த பெரியவர் திடுக்கிட்டு நின்றார். ஜெலிமிர் என்று பெயர். அந்த மாதம்தான் மேல்மாடிக்குக் குடிவந்திருந்தார். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதைத் தவிர, கீழ்வீட்டு நெவெங்காவுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது.

அவளுக்கு ரியேகா நகரத்துத் துறைமுகத்தை ஒட்டிய பேக்கரியில் வேலை. ஊர் தூங்கும்போது மாவு பிசைந்துவிட்டு வந்தால், மதியம்தான் கண்ணயர முடியும். சொல்லி வைத்ததுபோல் அப்போதுதான் மேலே அது ஆரம்பிக்கும்.

இரும்புத் தகட்டைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். அதற்கு மேல் ஓர் ஆண்குரல். பாடுகிறானா, வயிற்று வலியில் முனகுகிறானா என்று சொல்ல முடியாது. பிறகு மௌனம். அப்பாடா என்று புரண்டு படுத்தால் மறுபடியும் தகடு.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. மெதுவா," என்றார் ஜெலிமிர், ஏற்ற இறக்கமே இல்லாத குரலில்.

என்ன திமிர்! நெவெங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் கண்றாவியை நிறுத்துங்கன்னு சொல்றேன்! என் வீட்டு அலமாரியெல்லாம் ஆடுது!"

"இசைத்தட்டைச் சொல்றீங்களா?" அவர் முகம் மலர்ந்தது. "உங்களுக்குக் கேட்டுதா?"

"தெருவுக்கே கேட்குது!"

"அப்ப உள்ளே வாங்க. உட்கார்ந்து முழுசா கேட்டுச் சொல்லுங்க, எப்படி இருக்குன்னு."

சண்டை போட வந்தவளை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் காபியையும் கொடுத்துவிட்டார். எதிரே அமர்ந்து, தட்டு சுற்றி முடியும்வரை பரீட்சை வாத்தியார் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?"

"மாவு பிசையற மெஷின்ல ஸ்பேனர் விழுந்த மாதிரி."

கோபித்துக்கொள்வார், வெளியே துரத்துவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ ஆவலாக முன்னால் நகர்ந்தார்.

"எந்த இடத்துல அப்படி இருந்துச்சு?"

"எந்த இடமா? ஆரம்பிச்சதுலேர்ந்து அப்படித்தான்!"

"இந்த மாதிரி ஆளுங்களோட இசையெல்லாம் ஒரு தடவையில பிடிபடாதுன்னு பத்திரிகையில எழுதறாங்க. நாளைக்கும் வந்து கேளுங்க. நீங்க இல்லாதப்ப நான் போடவே மாட்டேன்."

தூக்கம் கிடைத்தால் போதும் என்று நெவெங்கா ஒப்புக்கொண்டாள். மறுநாள் வேலை முடிந்து வரும்போது, பேக்கரியில் மிஞ்சிய, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட புரெக் ரொட்டி இரண்டை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். அதற்கு அடுத்த நாளும் போனாள்.

"இந்த ஆளு என்னதான் சொல்ல வர்றான்?"

"நீங்கதான் சொல்லணும்."

"தட்டு உங்களோடது! உங்களுக்கு இதுல எது பிடிச்சிருக்கு? அதைச் சொல்லுங்களேன்!"

"முதல்ல நீங்க சொல்லுங்க."

எப்போது கேட்டாலும் இதே பதில். நெவெங்கா பேக்கரியில் வந்து பொருமினாள். "வாயைத் திறந்து ஒரு அபிப்பிராயம் சொல்ல மாட்டேங்கறார். நான் உளறறதைக் கேட்டு உள்ளுக்குள்ள சிரிக்கறார்னு நினைக்கறேன்."

அடுப்படியில் நின்ற, கூட வேலை பார்க்கும் லோவொர்கா சிரித்தாள். "அவருக்கே ஒண்ணும் புரிஞ்சிருக்காதுடி. கௌரவத்துக்காக இந்த மாதிரி தட்டெல்லாம் வாங்கி வச்சுக்கறவங்க எத்தனை பேர்!"

அதுதான் விஷயம் என்று நெவெங்காவுக்கும் பட்டது. இன்றைக்கு முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் வியாழக்கிழமை மாடிக்குப் போனாள்.

தட்டு சுற்றியது. தகடு இழுபட்டது. குரல் வந்தது. பிறகு அந்த மௌனம்.

வழக்கமாக அந்த இடத்தில் கொட்டாவி விடுகிறவள், அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மௌனத்தில் என்னவோ இருந்தது. மறுபடி குரல் வந்தபோது, என்ன ஏது என்று தெரியாமலே அவள் கண் கலங்கிவிட்டது.

"என்ன? என்ன ஆச்சு?" ஜெலிமிர் பதறி எழுந்தார்.

"இது முனகல் இல்லை," என்றாள் மெதுவாக. "யாரையோ கூப்பிடறான். கூப்பிட்டுட்டு, பதில் வருதான்னு நின்னு பார்க்கறான். அவங்க திரும்பறதே இல்லை. அந்த ஆத்திரத்துலதான் இரும்பைப் போட்டு இழுக்கறான். திரும்பக் கூப்பிடறான்."

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொல்லிட்டேன்! இப்பவாவது நீங்க வாயைத் திறங்க!"

"பாடறது என் பையன்," என்றார் ஜெலிமிர். "சனிக்கிழமை இங்கே கச்சேரி. என்னை முன்வரிசையில உட்கார வைப்பான். முடிஞ்சதும் எப்படி இருந்துச்சுப்பான்னு கேட்பான். இத்தனை வருஷமா நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னே சமாளிச்சுட்டு வர்றேன்."

நெவெங்காவுக்கு வந்ததே கோபம். "பெத்த பிள்ளை பாட்டு எப்படி இருக்குன்னு சொல்ல உங்களுக்குக் கீழ்வீட்டுக்காரி வேணுமா?"

"வேணும்மா," என்றார் அவர், அவள் உதடுகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு ஆறு வயசுலேயே காது போயிடுச்சு. அவன் கூப்பிடறது என்னைத்தான்."