வெறுங்காது

பிள்ளையின் முதல் அழுகையைத் தாய் வெறுங்காதால் கேட்க வேண்டும் என்பது அந்தப் பிரசவ அறையின் வழக்கம். நிறைமதி பள்ளி நாளிலிருந்து கழற்றாத இயர்பட்களைக் கடைசி வலியின்போது நர்ஸ் உருவி எடுத்தாள். காது மந்தமாக மந்தமாக, ஒலியைத் தாமாகவே கூட்டிக்கொடுத்தவை அவை.

பிள்ளை பிறந்தது. முகம் சிவக்க, வாயைப் பிளந்து கைகால்களை உதறியது. சத்தமே இல்லை.

"சிஸ்டர், புள்ள ஏன் அழல?" என்று நிறைமதி அலறினாள்.

நர்ஸ் இயர்பட்களை மறுபடி செருகினாள். அறையே அதிரும் வீறிடல் கேட்டது.

"பொறந்ததுலேருந்து அழுதுக்கிட்டுதாம்மா இருக்கு."

பிறகு நர்ஸ், எல்லாப் பிள்ளைகளுக்கும் போடும் குட்டி இயர்பட்களை எடுத்து வந்தாள். நிறைமதி பிள்ளையின் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டாள்.