இலையிலிருந்து எடுத்த நல்லி எலும்பு

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒத்தச் சொல்லு பொய்யா இருந்தா நாளைக்கு விடியறப்ப என் மீசை உதிர்ந்து தலகாணியில கெடக்கட்டும். கண்ணால பாத்தது, காதால கேட்டது. கூட்டிச் சொல்ற பழக்கமே எனக்குக் கெடையாது.

எழுமலைக் கருத்தக்கண்ணன் என் தங்கச்சி செல்லத்தாயோட வீட்டுக்காரரு, எனக்கு மச்சான். பல்லுக்குப் பேர்போனவரு. சந்தையில ஒருக்கா கரும்புக் கட்டை அவுக்காம அப்படியே ஒரே கடியில ரெண்டாக்குனாரு. அந்தச் சத்தத்துக்கு மெரண்டு ஓடுன காளை பேரையூர்ல போய்த்தான் நின்னுச்சு.

அப்பேர்ப்பட்டவரு ரெண்டு வருசத்துக்கு முந்தி மோட்டார் ரூம்ல வழுக்கி, தொட்டி விளிம்புல வாயைக் குத்திக்கிட்டாரு. மேல்வரிசையில மூணு பல்லு காலி.

"மச்சான், வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்"னு என்னை மட்டும் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போனாரு. தாடையில ஸ்க்ரூ இறக்கி, பார்வைக்கு மட்டும் தற்காலிகப் பல்லு மாட்டிவிட்டாங்க. செல்லத்தாய்க்கே தெரியாது.

டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாங்க.

"மேல்தாடை எலும்பு அம்புட்டுக் கெட்டி கிடையாதுங்கய்யா. ஸ்க்ரூவைச் சுத்திப் புது எலும்பு வளந்து கவ்வணும். மாசக்கணக்காகும். அதுக்குள்ள எதையாச்சும் கடிச்சீங்க, ஸ்க்ரூ ஆடிரும். மறுபடி முதல்ல இருந்துதான்."

ஒருநா என்னைக் கூப்பிட்டு, "எலும்பு வளர்ற சத்தம் கேக்குது மச்சான்"னாரு. கன்னத்துல காதை வச்சேன். நெல்லு பால் பிடிக்கிற மாதிரி மெல்லிசா ஒரு சத்தம். கேட்டுச்சுய்யா!

இந்த நேரம் பாத்து மச்சான் மகனுக்குச் சம்பந்தம் கூடி வந்துச்சு. அலங்காநல்லூர் அழகுபாண்டி மக கனகலட்சுமி. படிச்ச பிள்ளை, மதுரையில உத்தியோகம்னாங்க. எம்புட்டுச் சம்பளம்னு கேட்டோமே ஒழிய, என்ன வேலைன்னு எங்காளுக யாரும் கேக்கல.

பொண்ணைப் பாத்ததும் என் மருமகன் முகம் பூத்துப்போச்சு. பேச்சும் முடிஞ்சது. பொண்ணு வீட்டுக் கறி விருந்துல கை நனைச்சுட்டா சம்பந்தம் உறுதி. நனைக்காம எந்திரிச்சா முறிஞ்சது. அதான் எங்க பக்கத்து வழக்கம்.

இலையில உக்காந்தோம். அழகுபாண்டி தன் கையால பெரிய நல்லி எலும்பா எடுத்து மச்சான் இலையில வச்சாரு.

"கடிங்க சம்பந்தி! உங்க பல்லைப் பத்தி அலங்காநல்லூரு வரைக்கும் பேச்சு. இன்னைக்கு நேர்ல பாக்கணும்."

மச்சானுக்கு வேர்த்து ஊத்துது. கடிச்சா ஸ்க்ரூ போச்சு. கடிக்காம வச்சா மானம் போச்சு. எந்திரிச்சா மகன் கல்யாணம் போச்சு. ரெண்டு வீட்டுச் சனமும் அவரு வாயையே பாக்குது. எலும்பைக் கையில எடுத்துட்டாரு.

அந்நேரம் ரசவாளியோட வந்த கனகலட்சுமி, வெடுக்குன்னு அந்த எலும்பைப் பிடுங்கித் தட்டுல போட்டுருச்சு.

"இது எங்கப்பாவுக்கு எடுத்து வச்சது. மாறி வந்துருச்சு."

சோத்தைக் குழி பறிச்சு ரசத்தை ஊத்திட்டு நின்னுச்சு.

அழகுபாண்டிக்கு முகமே செத்துப்போச்சு. "அடி கூறுகெட்டவளே! நான் கேட்டனா நல்லி? சம்பந்தி கையில இருக்கிறதைப் பிடுங்குறியே!"

செல்லத்தாய் எந்திரிச்சுட்டா. "ஒத்த எலும்பு கொடுக்க மனசில்ல, இவளா எங்க வீட்டுல வெளக்கேத்துவா? ஏங்க, எந்திரிங்க!"

அந்தப் பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடுத்த இலைக்கு ரசம் ஊத்தப் போயிருச்சு.

என் மருமகன் முகத்தைப் பாக்க முடியல. மச்சான் ஒரு பெருமூச்சு விட்டாரு. பிழைச்சோம்டா சாமிங்கிற மூச்சு. எனக்கு மட்டும்தான் புரிஞ்சது. ரசஞ்சோத்தை அள்ளி வாயில போட்டாரு.

"உக்காரு செல்லத்தாய். அப்பனுக்குன்னு எடுத்து வைக்கிற பிள்ளை நாளைக்கு நமக்கும் எடுத்து வைக்கும். கை நனைச்சாச்சு, சம்பந்தம் உறுதி."

அம்புட்டுத்தான். அலங்காநல்லூர்ல இருந்து எழுமலை வரைக்கும் மச்சானோட பெரிய மனசைப் பத்தித்தான் பேச்சு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் 'எலும்பு பிடுங்கி'ன்னு பேரு வச்சுட்டாளுக. எங்க வீட்டுப் பொம்பளைகளே வச்ச பேரு.

அடுத்த மாசம் மச்சானும் நானும் மதுரைக்குப் போனோம். எப்பவும் போலத் தலையில குல்லாயும் முகத்துல முகமூடியுமா டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பாத்தாங்க.

"எலும்பு நல்லா வளந்து ஸ்க்ரூவைக் கவ்விருச்சு. இனி நிரந்தரப் பல்லே மாட்டிரலாம்."

சொல்லிட்டு முகமூடியைக் கீழ இறக்குனாங்க.

"இனிமே நீங்க நல்லி கடிக்கலாம் மாமா. எங்கப்பாவுக்கு எலும்புன்னாலே ஆகாது."

கனகலட்சுமி!

மச்சான் பொளந்த வாய் பொளந்தபடி கெடந்தாரு. பெறகு மெதுவாக் கேட்டாரு.

"ஏத்தா, ரெண்டு ஊரும் சேந்து உன்னைப் பேசுச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் மேல பழி வந்திருக்காதுல்ல?"

"உங்க வாய்க்குள்ள இருக்கிறதை நான் எப்படி மாமா வெளிய சொல்றது?"

கல்யாணம் முடிஞ்சு வருசம் ஒண்ணாகப் போகுது. இன்னைக்கு வரைக்கும் மாமியாகிட்டகூட அந்தப் பிள்ளை மூச்சு விடல. 'எலும்பு பிடுங்கி'ன்னு கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டே போகுது.

எனக்குத்தான் மனசு கேக்கல, உங்ககிட்டச் சொல்லிட்டேன். யாரு சொன்னதுன்னு செல்லத்தாய் கேட்டா, என் பேரை மட்டும் எடுத்துராதீங்க சாமி.